ஆடுகள் இல்லாத மேய்ப்பன்

ஸ்ரௌவ்வில்,
3 நவம்பர் 2024

அன்பின் வேரோனிக்கா அக்காவுக்கு,

பதில் பிந்திவிட்டது, கோபிக்காதேங்கோ. சின்னவனுக்கு இரண்டு கிழமையாக இருமல். அவன் மூச்சு விடுகிறானா என்று பார்ப்பதே என் வேலை.

செலீனுக்கு நீங்கள் அனுப்பிய வர்ணப்பெட்டி வந்தது. அலுமாரியின் மேல் வைத்திருக்கிறேன். தம்பி எடுத்து வாயில் வைத்தால் என்ன செய்வது? சரி, உங்களிடம் பொய் எதற்கு. கொடுக்க மனம் வரவில்லை.

நீங்கள் அனுப்பிய ஒல்லாந்து மேய்ப்பர் படங்களைக் குசினிச் சுவர் முழுக்க ஒட்டியிருக்கிறாள். அதைப் பார்த்து நானும் ஓர் ஆடு கீறிக் கொடுத்தேன். "அம்மா, உது நாய். பெரியம்மாட்டக் கேப்பம்" என்கிறாள். ஆறு வயது! அவளுக்கு அப்பாவின் கை, உங்கள் கை. நடுவில் நான் எங்கே போனேன்?

உங்களுக்கு நினைவிருக்காது. மன்னாரில் நத்தாருக்குக் கோயிலில் வைக்கிற பாலன் கூட்டுக்கு அப்பா வருசாவருசம் ஓர் ஒல்லாந்துக் கலண்டரைப் பார்த்துப் பின்திரை கீறுவார். எனக்குப் பதினொரு வயதில் ஐந்து ஆடுகள் கீற விட்டார். நத்தார்ப் பூசைக்குப் போனால், ஆடுகள் நின்ற இடத்தில் வெறும் புல். அப்பாவே அழித்துவிட்டார். நீங்கள் கீறிய மேய்ப்பன் மட்டும் தடியோடு தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றான். அன்றைக்குக் கீழே வைத்த தூரிகையை நான் பிறகு தொடவேயில்லை.

தங்கை,
ஸ்டெபனி


யூட்ரெக்ற்,
17 நவம்பர் 2024

என் ஸ்டெபிக்கு,

நேற்று மியூசியத்தில் ஒரு மேய்ப்பர் படத்தின் முன் நின்றேன். தகப்பன் கீறிய படம். ஆடுகள் மகன் கீறியவையாம். இரண்டு பேரின் கையும் ஒரே சட்டத்துக்குள். முன்னால் கிடந்த வாங்கில் இருந்து கனநேரம் பார்த்தேன்.

அப்பா உன் ஆடுகளை அழிக்கவில்லை. நான்தான் அழித்தேன். வந்தவர் போனவரிடமெல்லாம் அப்பா "சின்னவளின்ர ஆட்டைப் பாருங்கோ, உயிரோட நிக்குது" என்றார். என் மேய்ப்பனை ஒருவரும் பார்க்கவில்லை. புல்லுக்குக் கரைத்த பச்சை கொஞ்சம் மிச்சமிருந்தது. பூசிவிட்டேன்.

அப்பா கண்டுபிடித்தார். "தங்கச்சியிட்ட நீயே சொல்லு. அதுவரைக்கும் நான் வாய் திறக்கமாட்டன்" என்றார். நான் சொல்லவில்லை. அவரும் சொல்லாமலே போய்விட்டார்.

அக்கா


ஸ்ரௌவ்வில்,
2 டிசம்பர் 2024

அக்கா,

சின்னவனுக்கு இருமல் நின்றுவிட்டது.

கடைசி ஆறு மாதமும் அப்பாவுக்குச் சூப் பருக்கினவள் நான். என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுப்பார். எனக்கு அந்த வெறும் புல் நினைவு வரும். "குடியுங்கோ, ஆறப்போகுது" என்று கரண்டியை நீட்டுவேன்.

உங்களை மன்னிக்க இன்னும் முடியவில்லை. ஆனால் ஒன்று, எழுத வெட்கமாக இருக்கிறது. உங்களுக்கு என்மேல் பொறாமை என்று தெரிகிற இடத்தை மூன்று தரம் வாசித்தேன். சந்தோசமாக இருந்தது.

பெட்டியைச் செலீனிடம் கொடுத்துவிட்டேன். பழைய படுக்கை விரிப்பில் பாலன் கூட்டுக்குத் திரை கீறுகிறோம். நத்தாருக்கு வாருங்கள். மேய்ப்பனுக்கு இடம் விட்டிருக்கிறேன். ஆடுகளை நான் கீறி முடித்துவிட்டேன்.

பச்சையை மட்டும் எடுத்துப் பூட்டி வைத்திருக்கிறேன்.

ஸ்டெபனி