ஜோடியில் என்னுடைய கடிகாரம்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் ஒரு கீறல். புவியியல் பகுதியில், அடுக்குக்குப் பின்னால் விழுந்து கிடந்த அட்லஸை இழுக்கக் கையை விட்டேன். இரும்புத் தட்டின் மூலையில் கடிகாரம் உரசியது. சத்தம் சின்னதுதான், ஆனால் பல் கூசியது. சன்னல் பக்கம் போய்ப் பார்த்தேன். கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்தில், ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில், வெட்டிப்போட்ட நகம் அளவுக்கு ஒரு கோடு. வேறு கடிகாரமாக இருந்தால் கண்ணிலேயே பட்டிருக்காது. இதில் பொட்டு சரி செய்துகொள்ளலாம், அவ்வளவு பளபளப்பு. இப்படி ஒன்றைக் கையில் கட்டிக்கொண்டால் தூசி பட்டாலும் ஊருக்கே தெரியும்.

எங்கள் கல்யாணத்துக்கு அவன் வாங்கிய ஜோடிக் கடிகாரம். எனக்குப் பெரிய முகப்புதான் பிடிக்கும் என்று தெரிந்து இரண்டையும் ஒரே அளவில் வாங்கினான். அவனுடையதில் இன்றுவரை ஒரு கீறல் கிடையாது. கை கழுவக் கழற்றுவான், பெட்டி தூக்கக் கழற்றுவான். என்னைக் கட்டிக்கொள்ள வரும்போதுகூடக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வருவான் என்று எழுதினால் மிகைபோலத் தெரியும். மிகை இல்லை.

சாயங்காலம் அவனே பார்த்துவிட்டான். என் கையைப் பிடித்து, சட்டை நுனியால் வட்டம் வட்டமாகத் துடைத்தான். துடைத்தால் போகிற கீறலா அது?

மார்ச் 5, புதன்

காலையில் மேஜையில் கடிகாரம் இல்லை. வேலைக்குப் போய்ச் சேர்ந்ததும் செய்தி வந்தது: "பாலிஷுக்குக் குடுத்துட்டேன், லைப்ரரி. கவலைப்படாதே." லைப்ரரி என்பது நான். போன மழைக்காலத்தில் ஒரு தடவை கொடுத்தான். இது இரண்டாவது.

நான் கவலைப்படுவதாகச் சொல்லவே இல்லையே?

மார்ச் 9, ஞாயிறு

கடிகாரம் திரும்பி வந்தது. பெட்டியிலிருந்து அன்றைக்குத்தான் பிரித்ததுபோல. முதல் தடவை இப்படி வந்தபோது குழந்தை மாதிரி குதித்தேன். இன்று என்னவோ, யாருடையதோ ஒன்றை இரவல் வாங்கிக் கட்டியதுபோல இருந்தது.

அவனுக்கு ஹோட்டலில் வேலை. விருந்தினர் யாராவது முகத்தைச் சுளித்துக்கொண்டு முன்மேஜைக்கு வந்தால் எழுந்து போக வேண்டியது அவன்தான். அங்கே அவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வந்தவர் புகாரைச் சொல்லி முடிப்பதற்குள் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். கோபம் முழு வாக்கியமாகிவிட்டால் கஷ்டம் என்பான். வேலையில் அவன் கெட்டிக்காரன், எல்லோரும் சொல்கிறார்கள். நான் அவனை மேனேஜர் என்று கூப்பிடுவதில் பாதி கேலி, பாதி பெருமை.

ஆனால் வீட்டிலும் அதே. ஒரு தடவை பரணைச் சுத்தம் செய்கிறேன் என்று, நான் கல்லூரியிலிருந்து சேர்த்து வைத்திருந்த பத்திரிகைத் துணுக்குகளைப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டான். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அது என்னோட..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது, டீ வந்தாகிவிட்டது, மறுநாள் அழகான கோப்பு ஒன்றும் வந்துவிட்டது. காலிக் கோப்பு. நான் பாதி வாக்கியத்தை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

மார்ச் 12, புதன்

தலைமை நூலகர் கூப்பிட்டனுப்பினார். கிளை நூலகம் ஒன்று புதிதாகத் திறக்கிறார்கள். ரயிலில் மூன்று மணி நேரம். பொறுப்பை என்னிடம் தரலாம் என்று நினைக்கிறாராம். வாரநாட்களில் அங்கேயே தங்க வேண்டியிருக்கும். "வீட்ல பேசிட்டு மாசக் கடைசிக்குள்ள சொல்லும்மா" என்றார்.

வெறும் அறைகள். எந்தப் புத்தகம் எங்கே உட்கார வேண்டும் என்று நானே தீர்மானிக்கலாம். திரும்பி வரும் வழி முழுவதும் மனதுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன்.

அவனிடம் சொன்னேன். நான் ஊர் பேரைச் சொல்லி முடிக்கவில்லை, "சூப்பர், கண்டிப்பா போ" என்றான். பிறகு சாப்பாட்டு மேஜையைத் துடைத்தான். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

மார்ச் 14, வெள்ளி

அம்மாவிடம் போனில் சும்மா கோடி காட்டினேன். அவன் எதற்கும் மறுப்பே சொல்வதில்லை, எனக்கு அது ஒரு மாதிரி இருக்கிறது என்று. "ஏண்டி, சண்டை போடாத மாப்பிள்ளை கிடைச்சான்னு அழற முதல் பொண்ணு நீதான். உங்க அப்பாவை ஒரு வாரம் அனுப்பி வைக்கட்டுமா?" என்றாள் அம்மா.

சிரித்துவிட்டேன். ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. நானும் கொஞ்சம் அவனைப் போலத்தானோ?

மார்ச் 20, வியாழன்

அவன் எனக்காக அந்த ஊரில் அறை தேடுகிறான். ரயில் நேரங்களை எடுத்து வைத்திருக்கிறான். குக்கர் சின்னதாக ஒன்று போதுமா என்று கேட்கிறான். "நிஜமாவே உனக்கு இதுல ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டேன். "எனக்கென்ன, நீ சந்தோஷமா இருந்தா சரி" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் ஹோட்டல் முகப்பில் பார்த்திருக்கிறேன். அறையில் வெந்நீர் வரவில்லை என்று சொல்பவர்களுக்குச் சிரிப்பது.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். நான் போவது அவனுக்குப் பிடித்திருக்கிறதா, இல்லையா? பிடிக்கவில்லை என்று சொன்னாலும் போய்விடுவேன் என்றுதான் நினைக்கிறேன். வருத்தத்தோடு, திட்டிக்கொண்டு, போய்விடுவேன். ஆனால் பிடித்த மாதிரி சிரிக்கிற ஒருவனை விட்டுவிட்டு எப்படிப் போவது? நான் அங்கே போனபின் இவனுக்குள் என்ன நடக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வேன்?

மாசக் கடைசி நெருங்குகிறது.

மார்ச் 24, திங்கள்

கடிகாரப் பட்டையின் கொக்கியில் கோடு கோடாக இருக்கிறது. நாள் முழுக்க மேஜையில் மணிக்கட்டை வைத்து எழுதுகிறேன், வேறென்ன ஆகும். கழற்றி மேஜை இழுப்பறையில் போட்டால் அங்கே சாவிக்கொத்து காத்துக்கொண்டிருக்கிறது. அவன் எனக்கென்று வெல்வெட் பை ஒன்று வாங்கித் தந்திருந்தான். அதை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

கவனித்துவிட்டான். நாளைக்கு மறுபடி பாலிஷாம்.

மார்ச் 28, வெள்ளி

கடிகாரக்கடையிலிருந்து அழைப்பு. ரசீது என் பேரில் இருப்பதால் என்னைக் கேட்டார்கள். மறுபடி பாலிஷ் போட நான் சம்மதித்தால்தான் போடுவார்களாம். மதியம் நேரில் போனேன். முன்மேஜையில் என் வயதுப் பெண் ஒருத்தி, இதை ஆயிரம் பேருக்குச் சொன்ன குரலில் சொன்னாள்.

"பாலிஷ்னா துடைக்கிறதில்ல மேடம். மேல இருக்கற உலோகத்தையே கொஞ்சம் எடுக்கறது."

எனக்குத் தெரியாது. நிஜமாகவே தெரியாது. பாத்திரம் தேய்ப்பதுபோல ஏதோ அழுக்கை எடுக்கிறார்கள் என்றுதான் இருவருமே நினைத்துக்கொண்டிருந்தோம். அப்படியென்றால் கீறல் எங்கே போகிறது என்று கேட்டேன்.

"கீறல் எங்கயும் போறதில்ல மேடம். அதைச் சுத்தி இருக்கறதை அந்த ஆழத்துக்கு இறக்கிடறோம்."

விளக்கைத் திருப்பிக் காட்டினாள். விளிம்பெல்லாம் உருண்டு போயிருந்தது. ரெண்டு தடவையும் நல்லா அழுத்தியே போட்டிருக்கு, ஒரு கோடுகூடத் தெரியக் கூடாதுன்னு சார் சொன்னாராம் என்றாள். இன்னொரு தடவை போட்டால் குளியலறை சோப்பு மாதிரி ஆகிவிடுமாம். சரி, கீறலோடேயே கட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்றேன். அந்தக் கேள்வி அவளுக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

"ஒண்ணும் ஆகாது மேடம், மணி காட்டும்."

வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 29, சனி

எழுதலாமா வேண்டாமா என்று இருந்தது. எழுதிவிடுகிறேன்.

காலையில் அவன் முகம் கழுவப் போனபோது அவன் கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தான். நான் என்னுடையதையும் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தேன். யோசித்துச் செய்ததா என்று கேட்டால் ஆமாம்.

ஒரே அளவில் வாங்கியவை. இப்போது அக்காளும் தங்கையும்போல. அவனுடையதில் விளிம்பு கத்திபோல வெளிச்சத்தை வெட்டுகிறது. என்னுடையது கூழாங்கல். துண்டோடு வந்தவன் பார்த்துக்கொண்டே நின்றான். கடைப்பெண் சொன்னதைச் சொன்னேன். "ஐயோ சாரி, எனக்குத் தெரியாது, புதுசா ஒண்ணு..." என்று ஆரம்பித்தான்.

புதுசு வேண்டாம் என்றேன். சாரியும் வேண்டாம். நான் போறது உனக்குப் பிடிச்சிருக்கா, அதை மட்டும் சொல்லு.

"அதான் சொன்னேனே..."

"மேனேஜர்கிட்ட கேக்கல. உன்கிட்ட கேக்கறேன்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். துண்டை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். எனக்கு எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்துவிடலாம் என்று இருந்தது. போகவில்லை.

"பிடிக்கல" என்றான். "கொஞ்சம்கூடப் பிடிக்கல. நீ என்னைக் கேட்டுட்டா முடிவு பண்ணினே? அன்னிக்கு வந்து சொன்னப்பவே உன் முகத்துல நீ அங்க போய்ச் சேந்துட்டே."

எனக்கு எரிந்தது. உண்மை என்பதால் இன்னும் எரிந்தது. அப்படியானால் அன்றைக்கே சொல்வதற்கென்ன, அறை தேடுவானேன், குக்கர் பார்ப்பானேன் என்று கத்தினேன். அவனும் கத்தினான். நீ மட்டும் என்ன, மனசுல ஒண்ணு இருந்தா புத்தகத்தைத் தூக்கிக்கிட்டுப் பக்கத்து ரூமுக்குப் போற ஆளு என்றான். துணுக்குகள் விஷயத்தையும் எடுத்தேன். வாயில் கிடந்த அந்தப் பாதி வாக்கியம் வெளியே வந்து விழுந்தது. அதோடு நான் எண்ணியிராத நான்கைந்தும்.

இருவரும் ஓய்ந்தபின் அவன் சொன்னது இது. அவன் சின்னவனாக இருந்தபோது வீட்டில் சண்டை வந்தால் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாராம். எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது.

"அதனால யாராவது கிளம்பறதுக்குள்ள முடிச்சுடணும்னு இருக்கும் எனக்கு. இப்ப நீ சண்டையே இல்லாம கிளம்பற. என்ன பண்றதுன்னு தெரியல."

நான் எதுவும் சொல்லவில்லை. ஆறுதலாக ஏதாவது சொன்னால் அதுவும் ஒரு பாலிஷ் ஆகிவிடும் என்று பயம்.

மார்ச் 30, ஞாயிறு

காலையில் டீ வரவில்லை. அவனுக்கு அவன் போட்டுக்கொண்டான், எனக்கு நான். மதியம்வரை பேச்சில்லை. சன்னல் திரையை அவன் ஒருபக்கம் இழுத்தான், நான் மறுபக்கம் இழுத்தேன்.

சோகமாக இருக்க வேண்டிய நாள். ஆனால் பசி நன்றாக எடுத்தது. அவன் வீட்டிலேயேதான் இருந்தான். நானும். கோபத்தோடு ஒருவன் அடுத்த அறையில் செய்தித்தாளைப் படபடவென்று திருப்புவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பது இவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை.

மார்ச் 31, திங்கள்

தலைமை நூலகரிடம் சரி என்று சொல்லிவிட்டேன். முதலில் அவனிடம்தான் சொன்னேன், கேள்வியாக. "பிடிக்கலன்னுதான் சொன்னேன். போகாதேன்னு சொல்லல" என்றான். முகத்தில் சிரிப்பு எதுவும் இல்லை. அவன் முகம் சிரிப்பில்லாமல் கொஞ்சம் நீளமாக இருக்கிறது. எனக்கு அது பிடித்திருந்தது.

மே 6, செவ்வாய்

கிளை நூலகத்துக்கு அடுக்குகள் வந்திறங்கின. காலையிலிருந்து அவற்றோடு மல்லுக்கட்டு. மதியம் கை கழுவும்போது பார்த்தால் கடிகாரம் முழுக்கக் கீறல்.

ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு கதை உண்டு என்று எழுதினால் அழகாக இருக்கும். இல்லை. கதை தெரிந்த ஒரே கீறல் அட்லஸை எடுக்கும்போது விழுந்தது, அதைத்தான் பாலிஷ் கொண்டுபோய்விட்டது. இவற்றில் எது கதவில் பட்டது, எது குழாயில், எது பெட்டியில் என்று எனக்குத் தெரியவே தெரியாது. பட்டது, அவ்வளவுதான். கீறல் ஒன்றாக இருந்தபோது நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது எல்லாம் சேர்ந்து ஒரு மங்கலான மினுக்கு. அதில் பொட்டு சரி செய்துகொள்ள முடியாது. கையை எங்கே வேண்டுமானாலும் விட முடிகிறது.

மே 18, ஞாயிறு

வார இறுதியிலும் எனக்கு இங்கே வேலை, அதனால் அவன்தான் என் அறைக்கு வந்துவிட்டுப் போனான். குழாய் ஒழுகுகிறதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று திட்டினான். திட்டிக்கொண்டே சரி செய்தான்.

ஜூன் 13, வெள்ளி

சாயங்காலம் போன். நாளைக்கு எந்த ரயில் என்று கேட்டேன்.

"இந்த வாரம் வரல."

"உடம்புக்கு என்ன?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. அலுப்பா இருக்கு. அப்புறம் கொஞ்சம் கோபமாவும் இருக்கு. போன வாரம் கிளம்பறப்ப நீ ஸ்டேஷனுக்கு வரல."

அன்றைக்குத் தூங்கிப்போய்விட்டேன் என்றேன்.

"தெரியும். ஆனாலும் கோபம்தான். அடுத்த வாரம் வரேன்."

சரி என்றேன். வேறு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை, அவனும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் ஹோட்டலைப் பற்றிப் பேசினான். யாரோ ஒருவர் தலையணை கனமாக இருக்கிறது என்று சண்டை போட்டாராம். இருவரும் சிரித்தோம். வைத்துவிட்டான்.

இரண்டு பேருக்கு என்று காய்கறி வாங்கி வைத்திருந்தேன். ஒருத்திக்கு வேண்டியதை மட்டும் நறுக்கினேன். மீதியை மூடி வைத்தேன். சமைத்து, சாப்பிட்டு, சன்னல் பக்கம் உட்கார்ந்து வெகுநேரம் படித்தேன். அடுத்த வாரம் வருகிறேன் என்று அவன் சொன்ன குரலுக்குள் வேறு ஏதாவது இருந்ததா என்று ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை என்பது, இதை எழுதும்போதுதான் தெரிகிறது.