ஜமீன் படுக்கும் இடம்

9-10-61, திங்கள்
ஒரே புழுக்கம். மேகம் கூடுகிறது, கலைகிறது. மிளகாயை வெயிலில் வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன்.

ஜமீன் விடிந்ததிலிருந்து சொறிகிறது. வாலடியில் முடி கொட்டி, தோல் சிவந்துவிட்டது. ஒரு பூனையின் அரிப்புக்குத் தெருவில் ஆளுக்கொரு காரணம். கருவாட்டுச் சூடு. கொல்லைச் செடி ஒத்துக்கொள்ளவில்லை. சிரங்கு. கண்ணேறு. கருவாட்டை நிறுத்திப் பார்த்தாயிற்று. வேப்பெண்ணெய் தடவினால் நக்கிவிட்டு வாந்தி.

மாமி இன்று முடிவாகச் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரரைப் பெற்றவர். இங்கே அவர் பேச்சுக்கு மேல் பேச்சில்லை. "வெள்ளிக்கிழம லாரிக்காரன் வருவான். சாக்குல கட்டிக் குடுத்துரு, சேத்தியாத்தோப்பு சந்தையாண்ட விட்டுருவான். எனக்கும் காலெல்லாம் அரிக்குது."
கால் தடிப்புக்கு நேற்று வரை கொசு காரணம். இன்று பூனையாம்.

வீட்டுக்காரர் பினாங்கு போனபின் இந்த வீட்டில் என்னைத் தேடி வரும் ஜீவன் இது ஒன்றுதான். விடமாட்டேன்.

செவ்வாய்
தூக்கம் சரியில்லை. குழம்பில் உப்பு இரண்டு தடவை.

சிதம்பரத்தில் என் கூடப்பிறந்த நானா வீட்டுக்குப் பக்கத்தில் ரிட்டயரான மாட்டு டாக்டர் ஒருவர். பூனையும் பார்ப்பாராம். நானாவுக்குக் காய்ச்சல், கூடையில் அவர் பிள்ளைகளுக்குப் பலகாரம் என்று மாமியிடம் பொய். அல்லா மன்னிக்கட்டும்.

புதன்
பாசஞ்சர் லேட். கூடைக்குள் ஜமீன் பரங்கிப்பேட்டை வரை கத்தல். உள்ளே கோழியா என்றார் எதிர் சீட்டுக்காரர். ஆமாம் என்றேன். இப்படிக் கத்தும் கோழியைத் தான் பார்த்ததில்லை என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டாக்டர் ஈர வெள்ளைத் துணியை விரித்து, அதன்மேல் ஜமீனை நிறுத்திச் சீப்பால் வாரினார். மிளகுப்பொடி போலக் கறுப்பாக உதிர்ந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே துணியில் சிவந்தது. தெள்ளுப்பூச்சி குடித்துக் கழித்த ரத்தமாம். நான் பூச்சியே பார்க்கவில்லையே என்றேன். பூனை நக்கி விழுங்கிவிடுமாம். சிலதுக்கு ஒரு கடி பட்டாலே உடம்பெல்லாம் அரிக்குமாம். மண்ணெண்ணெய், பினாயில் தொடக்கூடாது. தினம் வார வேண்டும். ஆற நாளாகும்.

"பூன மேல கொஞ்சந்தாம்மா இருக்கும். படுக்கிற எடத்துலதான் ஜாஸ்தி, முட்டையும் அங்கதான். அது எங்க படுக்குது?"

அங்கங்கே என்றேன். இன்னொரு பொய். என் அறையில், வீட்டுக்காரருடைய மெத்தைமேல்தான். கப்பலேறப் போன அன்று அவரே சுருட்டிக் கயிறு கட்டி வைத்த மெத்தை. வெயிலில் போடச் சொல்லி மாமிக்கு வாய் வலித்துவிட்டது. அவர் போட்ட முடிச்சை அவர்தான் வந்து அவிழ்க்க வேண்டும் என்று நான் பிடித்த பிடிவாதம்.

திரும்பும்போது ரயிலில் உட்கார முடியவில்லை. மெத்தையா, பூனையா.

வியாழன்
கொஞ்சம் வெயில். மெத்தை முன் நின்றேன். அடுப்படிக்குப் போனேன். திரும்ப வந்தேன். முடிச்சு அவிழவில்லை, கத்தியால் அறுத்தேன்.

விரித்து முகத்தை வைத்துப் பார்த்தேன். அத்தர் இல்லை, அவர் வாசனை எதுவும் இல்லை. மக்கல், பூனை முடி. ஈரத் துணியால் துடைத்தேன். துணி முழுக்கச் சிவப்பு. மூன்று வருஷமாக நான் காவல் காத்தது தெள்ளுப்பூச்சியை! சிரிப்பு வந்தது. பிறகு கோபம். வருகிறேன் வருகிறேன் என்று எழுதிவிட்டு வராத மனுஷன்மேல். இப்படி ஒரு கோபம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது.

கொல்லைக்கு இழுத்தேன், நகரவில்லை. மாமி வாசற்படியில் நின்றார். சிதம்பரம் போனது, டாக்டர் சொன்னது எல்லாம் கொட்டிவிட்டேன். இறங்கி வந்து மறுமுனையைப் பிடித்தார். கொல்லையில் போட்டுத் தீ வைத்தோம். இலவம்பஞ்சு, குப்பென்று பிடித்தது. பிறகு அறை முழுக்க வெந்நீர் ஊற்றித் தேய்த்தோம்.

சாயங்காலம் மாமி தன் காலைத் தடவிக்கொண்டே, "நாளைக்கி லாரிக்காரன் வந்தா ஒண்ணுமில்ல, போப்பான்னு சொல்லிரு" என்றார்.

அப்புறம் சாம்பலைப் பார்த்துக்கொண்டு, "எம்மவன் வந்தா பாயில படுத்துக்கட்டும்."

சிரிக்க வேண்டிய பேச்சு. இரண்டு பேரும் சிரிக்கவில்லை.