ரிப்கா எடுத்த சின்னங்கள்

கிண்ணியா,
ஞாயிற்றுக்கிழமை.

என் அன்பான தங்கை நஜ்முன் நிஸாவுக்கு, உன் ராத்தா பஹ்மியா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். குவைத்தில் உனக்கும் நீ வேலை செய்யும் வீட்டாருக்கும் அல்லாஹ் நல்ல சுகத்தைத் தரட்டும். எங்கள் சுகத்தையும் முதல் வரியிலேயே எழுதுவதுதான் முறை. அதைக் கொஞ்சம் பொறுத்து எழுதுகிறேன், கோபிக்காதே.

கையில் போன் இருக்கும்போது ராத்தா ஏன் பேனை பிடித்தாள் என்று யோசிப்பாய். நான் போனில் கதைக்கும்போதெல்லாம் என் மகள் ரிப்கா பக்கத்திலேயே நிற்கிறாள். நீ அனுப்பும் குரல் பதிவுகளையும் எனக்கு முன்னமே அவள் கேட்டு முடித்துவிட்டு, சாச்சி என்ன சொன்னா என்று எனக்குச் சுருக்கிச் சொல்கிறாள். இந்த வீட்டில் எனக்கென்று ஒரு இரகசியம் வைக்க இடமில்லை. பக்கத்து வீட்டுப் பரீனா லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்புகிறாள். அவள் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். ஆறுதலான நேரம் பார்த்து வாசி. வாசித்த சூட்டோடு எனக்குப் போன் எடுத்து அழுது வைக்காதே. எடுத்தால் ரிப்காதான் தூக்குவாள்.

எனக்கு அல்சர் என்று உன்னிடம் சொன்னது பொய். நானும் உன் மச்சான் றிகாஸும் மகரகமை புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தது அதற்காக இல்லை. வயிற்றில் தொடங்கி ஈரலுக்கும் பரவிவிட்டதாம். இனித் தரும் மருந்து நோவைக் குறைக்கத்தான், நோயை மாற்ற இல்லை என்று டாக்டர் சொன்னார். நல்ல மனிதர், ஒன்றையும் மறைக்காமல், ஆனால் மெல்லச் சொன்னார். இன்னும் எவ்வளவு காலம் என்று நான் கேட்கவில்லை. உன் மச்சான் என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டுக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து அவர் என் முகத்தைப் பார்த்துக் கதைப்பதில்லை. கடலுக்குப் போகிறார், மீனோடு வருகிறார், முற்றத்தில் வலையை வைத்துக்கொண்டு பார்த்தபடி இருக்கிறார். குசினியில் உப்பு எந்தப் போத்தலில் இருக்கிறது என்று இன்றுவரை தெரியாத மனிதர். அவரை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது.

பிள்ளைகளுக்கு நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. சின்னவன் ஹஸ்மிக்குச் சொல்லி விளங்கும் வயதில்லை. ரிப்காவுக்கு இப்போதுதான் பதின்மூன்று. அவளுக்கும் அல்சர் என்றுதான் சொன்னோம். அவளைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம். என்னைப் பற்றி எழுத இனிப் பெரிதாக ஒன்றுமில்லை.

போன வருஷம் அவள் பள்ளிக்கூடத்தில் சாரணியரில் சேர்ந்தது உனக்குத் தெரியும். சேர்ந்த புதிதில் வீட்டைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. முடிச்சுப் போடப் பழகுகிறேன் என்று கதிரைக் கால்களை எல்லாம் ஒன்றோடொன்று கட்டி வைத்தாள். ஒருநாள் தம்பியை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு, அவிழ்க்கிற முறை மறந்துபோய் நின்றாள். அவன் குளறின குளறலில் பாலத்தடியில் நின்ற ஆட்கள் கூட எட்டிப் பார்த்தார்கள். சோதனையில் தேறினால் சட்டையில் தைத்துக்கொள்ளச் சின்னம் தருவார்களாம். கூடாரம் அடிக்கிற சின்னம், திசை பார்க்கிற சின்னம், நட்சத்திரங்களின் பெயர் சொல்கிற சின்னம், நீச்சல் சின்னம் என்று ஓயாத கதை. நிலாவெளியில் நடக்கும் பாசறைக்குப் போகிறேன், கடற்கரையில் விறகு மூட்டி நாங்களே சமைப்போம், கூடாரத்துக்குள்ளே படுப்போம் என்று எழும்பினாலும் படுத்தாலும் அதே பேச்சு. நான் ஏசினேன். பொம்பிளைப் பிள்ளைக்குக் கூடாரம் என்னத்துக்கு என்று உன் மச்சானின் உம்மா, என் மாமியும் ஏசினா. அவள் எங்கள் இரண்டு பேரையும் கணக்கெடுக்கவே இல்லை.

இந்த வருஷம் அந்தக் கதை ஒன்றுமில்லை. முதலில் சமையல் சின்னம் என்றாள். எனக்குப் பக்கத்தில் நின்று தேங்காய்ப் பால் பிழிவதிலிருந்து படித்தாள். எனக்கு நிற்க ஏலாமல் போனதும், என்னைக் கதிரையில் இருத்திவிட்டு, நான் சொல்லச் சொல்லச் சமைத்தாள். இப்போது அவள் வைக்கும் மீன் ஆணம் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. உன் மச்சான் அதை வாய் தவறிச் சொல்லிவிட்டார். எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. அடுத்தது துணி துவைத்து மடிக்கும் சின்னம். அடுத்தது தையல். அவள் வாப்பாவின் சட்டைகளில் இல்லாத பொத்தான்களை எல்லாம் தேடித் தைத்தாள். பிறகு குழந்தை பராமரிக்கும் சின்னம். அதற்காக ஹஸ்மியைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, நித்திரையாக்குவது எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொண்டாள். அவன் இப்போது என்னிடம் வருவது குறைவு. அது நல்லது என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன், ஆனால் அவன் அவளுடைய பாவாடையைப் பிடித்துக்கொண்டு போகும்போது பார்க்க ஏலவில்லை.

கடைசியாக எடுத்தது நோயாளியைப் பராமரிக்கும் சின்னம். அதற்கு ஒரு நோயாளி வேண்டுமே, என்னைப் பிடித்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து சோறு தின்றதும் பயிற்சி தொடங்கும். காய்ச்சல் பார்ப்பாள், ஈரத்துணியால் முகம் துடைப்பாள், நான் படுத்திருக்கவே விரிப்பை மாற்றுவாள். நான் அசையாமல் படுத்திருந்தால் பிடிக்காது. "உம்மா, நீங்க வருத்தக்காரி மாதிரி நடிங்க. சும்மா படுத்திருந்தாச் சரிவராது. நோவுது எண்டு முனகுங்க, நான் என்ன செய்யிறன் எண்டு பாருங்க" என்பாள்.

நஜ்மு, மற்ற நேரமெல்லாம் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன். அவள் பழகும் அந்தக் கொஞ்ச நேரத்தில் மட்டும் வாய்விட்டு முனகினேன். ஒருநாள் அழுதும்விட்டேன். நல்லா நடிக்கிறீங்க உம்மா என்று சொல்லிக்கொண்டு என் முதுகைத் தடவினாள். என் உம்மாவின் கைகூட அப்படி ஆறுதலாக இருந்ததில்லை. அவளை நான் ஏமாற்றுகிறேன், இது பாவமில்லையா என்று நினைத்தபடி கண்ணை மூடிக்கொள்வேன். இப்படிப் பின்னேரம் வருவதை நான் பார்த்துக்கொண்டிருக்கப் பழகிவிட்டேன்.

போன வியாழக்கிழமை அவளைச் சோதிக்க ஆதிலா டீச்சர் வீட்டுக்கு வந்தா. சாரணியருக்குப் பொறுப்பானவ அவதான். ரிப்கா ஒரு பிழையில்லாமல் எல்லாம் செய்து காட்டிவிட்டு, டீச்சருக்குத் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனாள். டீச்சர் கதிரையை என் கட்டில் பக்கம் இழுத்துப்போட்டு மெல்லக் கேட்டா. "குறை நினைக்காதீங்க. புள்ளைய வீட்டு வேலைக்கு மட்டும் பழக்க வேணுமெண்டு நீங்கதான் சொன்னீங்களா? நீச்சல், பாசறை எல்லாத்திலயும் தன்ட பேரை வெட்டச் சொல்லிட்டா. வீட்டுச் சின்னங்கள் எல்லாத்தையும் கெதியா எடுக்க வேணும் டீச்சர், பிந்தினா பிரயோசனமில்லை எண்டு அவசரப்படுத்துறா" என்றா.

நான் குசினிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர் நான் கோபித்துவிட்டேன் என்று நினைத்திருக்க வேண்டும். சமாதானப்படுத்துவதுபோல ரிப்காவைப் புகழ்ந்து இன்னொன்றும் சொன்னா. குழந்தை பராமரிக்கும் சோதனையில் எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரு கேள்வி கேட்டாவாம், குழந்தை உம்மாவைத் தேடி அழுதால் என்ன செய்வீர்கள் என்று. உம்மாவைக் கூப்பிடுவோம் என்றார்களாம் எல்லாரும். எங்கள் ரிப்கா மட்டும், "அழ விடுவன் டீச்சர். அழுது முடியிற வரைக்கும் பக்கத்துல இருப்பன். உம்மா இப்ப வருவா எண்டு பொய் சொல்ல மாட்டன்" என்றாளாம். எவ்வளவு யோசிக்கிற பிள்ளை என்று டீச்சர் வியந்துபோனாவாம்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சமையல், துவைப்பு, தையல், தம்பி, கடைசியில் நான். நான் இல்லாத வீட்டை நடத்துவதற்கு என்னென்ன வேண்டுமோ அதையெல்லாம் இந்தப் பிள்ளை ஒவ்வொன்றாகப் படித்து முடித்திருக்கிறாள். நாங்கள் சொல்லாததை அவள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டாள். என்னை நடிக்கச் சொன்னதும் எனக்காகத்தான். நான் வாய்விட்டு முனக ஒரு வழி செய்து தந்திருக்கிறாள். அந்த நேரம் அவள் தேத்தண்ணியைக் கொண்டுவந்து டீச்சரிடம் கொடுத்துவிட்டு, என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நான் அவளைக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. இன்றுவரை இரண்டு பேரும் அப்படியேதான் இருக்கிறோம்.

மௌத்துக்கு நான் பயப்படவில்லை என்று சொன்னால் பொய். பயம்தான். ஆனால் அதைவிடப் பயம் இவளை நினைத்து. வீட்டுக்கு வருகிற எல்லாரும் புகழ்கிறார்கள். பொறுப்பான பிள்ளை, குடும்பப் பாங்கான பிள்ளை என்று மாமி வாய் நிறையச் சொல்கிறா. இனி இவளைப் பற்றிக் கவலையில்லை, சீதனமாக வீட்டையும் கொடுத்து ஒருத்தன் கையில் பிடித்துக் கொடுத்துவிடலாம் என்று போன கிழமை பகிடியாகச் சிரித்துக்கொண்டு சொன்னா. எனக்கு அது பகிடியாகப் படவில்லை. நான் போனபிறகு அவர்கள் எல்லாரும் சேர்ந்து, நல்ல மனதோடுதான், இந்தப் பிள்ளையைக் குசினிக்குள்ளே விட்டுவிடுவார்கள். அவளும் முகம் சுழிக்காமல் அங்கேயே நின்றுவிடுவாள். என் நோய் என்னைத் தின்னட்டும், அவளுடைய வயதையும் சேர்த்துத் தின்ன நான் விடமாட்டேன்.

அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு ஓடி வா என்று எழுத மாட்டேன், அவர்கள் விடவும் மாட்டார்கள். முடிந்ததும் வேறு வீடு தேடாமல் நேரே வந்துவிடு. இந்த வளவில் உனக்கென்று உம்மா விட்ட பங்கு அப்படியே இருக்கிறது. வந்ததும் முதல் வேலையாக அவள் கையிலிருந்து அகப்பையை வாங்கு. இலேசில் தரமாட்டாள். நீ வைக்கும் ஆணத்தில் உப்புக் கூட என்பாள், துணி மடிக்கத் தெரியாது என்பாள். ஏசிப் பறித்துக்கொள். பாடத்தில் குறைந்த புள்ளி எடுத்தால் எடுக்கட்டும். எதிர்த்துக் கதைத்தால் கதைக்கட்டும். அவள் இப்போது ஒன்றுக்கும் எதிர்த்துக் கதைப்பதில்லை, அதைத்தான் என்னால் தாங்க ஏலாமல் இருக்கிறது.

ஆதிலா டீச்சரிடம் சொல்லி வெட்டின பெயரை மறுபடி பாசறையில் எழுதுவித்தேன். ரிப்காவுக்கு இன்னும் தெரியாது. உன் ஒப்பந்தம் முடிந்து நீ வந்து இறங்கும் மாதத்தில்தான் அதுவும் வருகிறது. திகதியை இன்னும் சொல்லவில்லை, பள்ளிக்கூட லீவில் எப்போது வேண்டுமானாலும் வரலாமாம். நான் இருந்தால் நானே பை கட்டி அனுப்புவேன், இன்ஷா அல்லாஹ்.

இல்லாவிட்டால் நீ அனுப்பு. எந்த நாளில் வந்தாலும் அனுப்பு. வாசல் நிறையச் செருப்புக் கிடந்தாலும், உள்ளே எனக்காகக் கத்தம் ஓதிக்கொண்டிருந்தாலும், இந்த நாளில் பொம்பிளைப் பிள்ளையை எங்கே அனுப்புகிறாய் என்று மாமி உன் முகத்துக்கு நேரே கேட்டாலும், அவளை நிலாவெளி பஸ்ஸில் ஏற்றிவிடு. இது அவள் உம்மாவின் சொல் என்று எல்லாரும் கேட்கச் சொல். அங்கே அவள் கடலில் நனைந்து, கத்திச் சிரித்து, ஒரு முழு நாளாவது என்னை மறந்திருக்க வேண்டும் என்று இப்போதே துஆச் செய்கிறேன். நீயும் ஆமீன் சொல்.

உன் ராத்தா,
பஹ்மியா