பதினேழு ‘என்றாலும்’

கனாசாவா
பிப்ரவரி 11

அன்புத் தங்கை மிட்சுயேவுக்கு,

நாட்காட்டியில் வசந்தம் பிறந்துவிட்டது. என்றாலும் எங்கள் கூரையில் பனி முழங்காலளவு கிடக்கிறது. உன் குஷிரோவில் இடுப்பளவு இருக்கும். நலமா? பார், உன் அத்தானின் வியாதி எனக்கும் தொற்றிவிட்டது. ‘என்றாலும்’ போடாமல் கடிதம் தொடங்கவே வரவில்லை.

ஹருயோவின் கல்யாணம் நின்றுபோயிற்று என்று எழுதி உன்னை அழவைத்தேனே, அந்தக் கடிதத்தை அடுப்பில் போடு. கல்யாணம் உண்டு!

நடந்ததைக் கேள். ஹிமியிலிருந்து இசாமுவின் வீட்டார் முறைப்படி பெண் கேட்டு எழுதினார்கள். பையன் மீன்பிடிக் கப்பலில் இருக்கிறான், ஏப்ரலில்தான் கரைக்கு வருவான். முப்பது வருடம் பழைய இலக்கியம் கற்பித்த உன் அத்தான் சும்மா பதில் போடுவாரா? மூன்று நாள் மை அரைத்துத் தூரிகையால் எழுதினார். பெற்ற பெண்ணைத் தாழ்த்திச் சொல்வதுதானே மரியாதை? உலகம் அறியாதவள் என்றாலும், பொறுமை அற்றவள் என்றாலும், அரிசி களையவும் தெரியாதவள் என்றாலும்... இப்படி ஆறடி நீளம். சம்மதம் கடைசி வரியில் எங்கோ ஒளிந்திருந்தது.

அவர்களிடமிருந்து பதிலும் வந்தது. ‘தங்கள் தகுதிக்கு எங்கள் வீடு எட்டாது என்றாலும், இதுவரை காட்டிய அன்புக்கு நன்றி.’ கூடவே ஒரு பெட்டி உலர்ந்த சீமைப் பனிச்சைப் பழம். அத்தான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஹருயோ கூரைப் பனியைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். பெற்ற வயிறு கேட்குமா? அவரிடம் சொல்லாமல் ஹிமிக்கு ரயிலேறிவிட்டேன்.

இசாமுவின் அம்மா மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது. “உங்க வீட்டுக்காரரு பதினேழு தடவை ‘என்றாலும்’ போட்டிருக்காரே அம்மா, நானே எண்ணினேன். வேண்டாம்னு இதைவிட நாசூக்கா யாரு சொல்லுவா? அதான் நாங்களே ஒதுங்கிக்கிட்டோம்” என்றாள். “அந்தப் பாவி மனுஷன் எழுதினது சம்மதக் கடிதம்!” என்று நான் கத்தியதில் மீன் கீழே விழுந்தது. இருவரும் சிரித்துச் சிரித்து அழுதோம்.

வீட்டுக்கு வந்து, “இந்தத் தடவை ஒரே வார்த்தைதான் எழுதணும், ஆமா!” என்று அத்தான் முன்னால் தாளை வைத்தேன். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ‘மகிழ்ச்சி’ என்று மட்டும் எழுதினார். நான் சமையலறைக்குப் போன நேரத்தில், தாளின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: ‘என்றாலும், அவளை அடிக்கடி அனுப்பிவையுங்கள்.’

அதை நான் அழிக்கவில்லை, மிட்சுயே. அப்படியே தபாலில் சேர்த்தேன்.

கல்யாணம் ஏப்ரல் கடைசியில். அம்மாவின் காரியத்துக்குப் பிறகு நீ இந்தப் பக்கம் வரவில்லை. தூரம்தான், உனக்கு முழங்கால் வலியும்தான்.

என்றாலும், வா.

உன் அக்கா
ஃபுசயே