ஒரு தையல் கூடுதல்

மார்ச் 4

அன்புள்ள ஊசிக்கு,

நலமா என்று கேட்க வேண்டியதில்லை. மாநாட்டு மேடையில் நீ மைக் பிடித்து நிற்கும் படத்தை எங்கள் லேப் வாசலிலேயே ஒட்டிவிட்டார்கள்.

வேறொரு எலியின் ரத்தக்குழாயை ஒட்டினால் உடம்பு அதை அந்நியமாகப் பார்க்கிறது. செல்லின் மேலுள்ள ஏற்பி என்ற காவல்காரன் அபாயச் சங்கு ஊதுகிறது. குழாயின் சுவர் தடித்து வழி அடைகிறது. அந்த ஏற்பியே இல்லாத எலியில் ஒட்டினால்? இதை முதலில் கேட்டது, கேன்டீனில் வாய் நிறைய பிஸ்கட்டோடு, நான். மேடையில் நீ கேட்டாயாம். வயிறு எரிகிறது, மறைக்க மாட்டேன்.

நீ தைத்த குழாய்களைச் சீவி ஒட்டிய நாற்பது கண்ணாடி ஸ்லைடுகளும் வந்தன. எது எந்த எலி என்று அளப்பவளுக்குத் தெரியக்கூடாதே, எண் மட்டும்தான் இருக்கிறது. சுவரை அளந்து அனுப்புகிறேன்.

உன் சோடாபுட்டி

மார்ச் 15

அடி சோடாபுட்டி,

வயிறு எரிந்தால் தண்ணீர் குடி. உன்னைச் சொல்ல வாயெடுத்தேன், பேராசிரியர் மைக்கை வாங்கிவிட்டார். நம்பினால் நம்பு.

மாதக்கணக்கில் குனிந்து தைத்ததில் இன்னும் கழுத்து திரும்பவில்லை. ஏற்பி இல்லாத எலிகள் எட்டுதான் கிடைத்தன. ஒன்று வீணானாலும் வேறு கிடைக்காதே என்று பயந்து பயந்து தைத்தேன். நீ இருந்திருந்தால், "போதும்டி, விடு" என்றிருப்பாய். இங்கே பேச ஆளில்லை.

ஊசி

ஏப்ரல் 2

அன்புள்ள ஊசிக்கு,

அளவுகளை இணைத்திருக்கிறேன். நாற்பதிலும் சுவர் தடித்துத்தான் இருக்கிறது. எல்லா யோசனையும் பலித்துவிடுமா என்ன? உடம்பைப் பார்த்துக்கொள்.

சோடாபுட்டி

ஏப்ரல் 16

சோடாபுட்டி,

எந்த எண் எந்த எலி என்று குழு பிரித்துப் பார்த்தோம், ஒரு வித்தியாசமும் இல்லை. "வேற ஆளை வச்சு அளந்து பாக்கலாமா?" என்றார் பேராசிரியர். "அவ கண்ணு தப்பாது சார்" என்றேன். ஆராய்ச்சியை மூடிவிட்டார். ஜூனோடு என் வேலையும் முடிகிறது.

கட்டுரை வரைவில் யோசனை உன்னுடையது என்று எழுதி, உன் பெயரைத்தான் முதலில் போட்டிருந்தேன். அதுவும் போச்சு. நம் இருவருக்கும் நேரம் சரியில்லை.

ஊசி

ஏப்ரல் 24

ஊசி,

உட்கார்ந்து படி. பயந்தால் நீ ஒரு தையல் கூடுதலாகப் போடுவாய். ஆறு வருடம் பக்கத்து ஸ்டூலில் இருந்தவளுக்கு அது தெரியாதா? எட்டு ஸ்லைடுகளில், வெட்டின் ஓரத்தில் அந்தத் தையல் இருந்தது. அந்த எட்டிலும் சுவர் காகிதமாய் மெலிந்திருந்தது.

என் யோசனை பலித்துவிட்டது, அதுவும் உன் பெயரில். அந்த நினைப்பு கண்ணை மறைத்தது. அந்த எட்டின் அளவையும் மற்றவை போலவே கூட்டிப் பொய்யாக எழுதினேன். பொறாமைதான், வேறு சாக்கு இல்லை.

ஸ்லைடுகளை இன்றே திருப்பி அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தையே பேராசிரியரிடம் காட்டு. என் வேலை போனால் போகட்டும், நீ ஒரு வரி எழுது.

சோடாபுட்டி

மே 20

மதிப்பிற்குரிய மேடம்,

ஸ்லைடுகள் கிடைத்தன. வேறொருவர் அளந்தார். எட்டும் மெல்லிசுதான். ஆராய்ச்சி மறுபடி தொடங்குகிறது, எனக்கும் வேலை நீடிக்கிறது.

உங்கள் கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை. அளவில் பிழை என்று மட்டும் சொன்னேன். கட்டுரையில் உங்கள் பெயர் முதலில் இருக்கும். யோசனை உங்களுடையது, அதை எடுக்க எனக்கு உரிமையில்லை.

வரைவு வந்ததும் கையெழுத்திட்டு அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள். எனக்கு எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
ஆய்வாளர், அறுவைப் பிரிவு