இரண்டு பெட்டியும் செத்த பேஸும்

அன்புள்ள மருமகளுக்கு,

புது ஸ்பீக்கர் ஜோடியைப் பார்த்தாலே குமட்டுகிறது. பழைய பெட்டியில் பேஸ், அதான் அந்தத் திம்திம் அடிநாதம், விழுந்தால் எதிர்வீட்டு ஜன்னல் ஆடும். மூன்று தெருவும் சாட்சி. இதில் கொசு ஏப்பம் விடுகிறது. த்தூ!

நேற்று ஆத்திரத்தில் இந்த ஜோடியில் ஒரு பெட்டியைக் கழற்றினேன். மிச்சமிருந்த ஒற்றைப் பெட்டி திம்மென்று அதிர்ந்தது. இரண்டும் சேர்ந்தால்தான் பேஸ் செத்துவிடுகிறது. என்ன கேவலம்!

"ஒரு பெட்டியில சிவப்பு வயரும் கறுப்பு வயரும் மாறியிருக்கு மாமா, அது தள்ளுறப்ப இது இழுக்குது" என்று மாட்டிய அன்றைக்கே சொன்னாய். "ரேடியோவப் பெத்தவனே நான்தான், எனக்கே பாடமா? வெளிய போடி" என்று விருந்தாளிகள் முன்னால் கத்தினேன். உன் அத்தை இன்னும் என்னோடு பேசவில்லை.

எந்தப் பெட்டி என்று எனக்கு ஒரே நொடியில் தெரிந்துவிட்டது. ஆனாலும் வயரைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ வந்து மாற்று. அதே விருந்தாளிகளையும் கூப்பிட்டிருக்கிறேன்.

சிவப்பு கறுப்பு தெரியாத
உன் மாமா