கொள்ளைக்காரர் கப்பலில் விழாத கரண்டி

இஞ்சாரும்,

இன்று காலை சோறு வைக்கலாம் என்று அரிசி வாளியைத் திறந்தேன். வண்டு பிடிக்காமல் நீர் போட்டு வைத்த செத்தல் மிளகாயின் மணம் முதலில் மூக்கில் ஏறியது. பிறகு அவன் எட்டிப் பார்த்தான். அரிசிக்குள் கழுத்துவரை புதைந்து கிடக்கிற அந்த ஒற்றைக்கண் கொள்ளைக்காரன். ஒரு கண்ணுக்குக் கறுப்புத் துணி, தலையில் மண்டையோட்டுத் தொப்பி, வாயில் ஒரு தங்கப் பல். நாங்கள் சிங்கப்பூரில் இருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் கோப்பை. ஷோகேஸில் வைத்து நாலு பேருக்குக் காட்டத்தான் நான் அதைக் கொண்டுவந்தேன். நீர் வந்த மறுநாளே கழுவி, அரிசி அளக்கிற சுண்டாக்கிவிட்டீர். "வீட்டிலை சும்மா இருக்கிறதுக்கு நீங்கள் ஒருத்தர் போதும்" என்றும் சொன்னீர்.

கோப்பையும் கையுமாகக் குசினியிலேயே நின்றுவிட்டேன். கீழே கடற்கரையோரம் ரயில் போனது. சன்னல் கண்ணாடி வழக்கம்போல நடுங்கியது. எவ்வளவு அரிசி போட வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

அதுதான் எழுத உட்கார்ந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்றாலும், என் எழுத்தைப் பார்த்த ஒரு பேப்பர்காரர் உடனே வேலைக்கு வரச் சொல்லிக் கெஞ்சினார். சரி, கெஞ்சவில்லை. கையெழுத்து நல்லாயிருக்கு என்றார். பார்த்தீரா, நீர் இல்லாவிட்டாலும் உம்முடைய குரல் வந்துவிடுகிறது.

"அரைவாசி." அதுதான் உம்முடைய சொல். ஹோலில் உட்கார்ந்து நான் வந்தவர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருப்பேன். குசினிக்குள் நீர் தேங்காய் துருவிக்கொண்டிருப்பீர். பாமன்கடைச் சந்தியில் என்னைத் துரத்திய நாய் கன்றுக்குட்டி அளவு இருந்தது என்று நான் சொன்னால், துருவுகிற சத்தம் நிற்காமலே அந்த ஒரு சொல் வரும். வந்தவர்கள் என்னை விட்டுவிட்டுக் குசினிப் பக்கம் பார்த்துச் சிரிப்பார்கள். நான் கோபம் வந்ததுபோல முகத்தை வைத்துக்கொள்வேன். உண்மையைச் சொன்னால், நீர் கழிப்பீர் என்ற தைரியத்தில்தான் நான் கூட்டிச் சொன்னேன். கழிக்க ஆள் இருக்கிற வீட்டில் ஒரு மனிதன் எவ்வளவும் கூட்டலாம்.

சிங்கப்பூருக்கு மகள் எங்களைக் கூப்பிட்டது போன வருசத்துக்கு முந்தின வருசம். லீவு போட்டு எங்களை அந்தத் தீம் பார்க்குக்குக் கூட்டிப் போனாள். ஆகாயத்தில் தலைகீழாக ஓடுகிற ரயிலில் நான் விடாமல் ஏறி ஏறி இறங்கினேன் என்று வெள்ளவத்தை முழுக்கச் சொல்லியிருக்கிறேன். நீர் அரைவாசி என்றீர். அந்த அரைவாசியும் நீர் காட்டிய தயவு. நான் கீழே மர வாங்கில் உட்கார்ந்து உங்கள் இரண்டு பேருடைய கைப்பைகளுக்கும் காவல் இருந்தேன். ஏறினது நீர். சேலையோடு ஏறி, இறங்கிவந்து, "வயித்துக்குள்ளை ஏதோ தொலைஞ்சு போச்சுது" என்று வெகுநேரம் சிரித்தீர். அப்படி நீர் சிரித்து நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

பின்னேரம் அங்கேயே இருந்த சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். கடை என்று சொல்லக்கூடாது, அது முழுக் கப்பல். கொழும்புத் துறைமுகத்துக்கு வருகிற கப்பலெல்லாம் அதற்குப் பக்கத்தில் வள்ளம். சரி, அரைவாசி. நம்முடைய தொடர்மாடி நீளம் இருக்கும். பாய்மரம், கயிற்று ஏணி, தலைக்கு மேலே கூண்டில் பேசுகிற பொம்மைக் கிளி. பரிமாற வந்த பொடியன்மார் எல்லோருக்கும் ஒரு கண்ணில் துணி. ஒற்றைக் கண்ணோடு இவன் சூப்பை எங்கே ஊற்றப் போகிறானோ என்று நீர் பயந்தீர்.

அன்று வெள்ளிக்கிழமை. நீர் மச்சம் மாமிசம் தொடாத நாள். கப்பல்காரனிடம் இருந்ததெல்லாம் கடலில் நீந்துகிறதும் தரையில் நடக்கிறதும்தான். மகள் மெனுவைப் பிரட்டிப் பிரட்டி, கடைசியில் உருளைக்கிழங்குப் பொரியலைக் கண்டுபிடித்தாள். நீர் மெதுவாகக் கைப்பையைத் திறந்து, பழைய பவுடர் டின் ஒன்றை எடுத்தீர். உள்ளே மோர்மிளகாய். வெளிச்சாப்பாடு கொண்டுவரக்கூடாது என்று வாசலில் பெரிதாக எழுதியிருந்தது. "அம்மா, கண்டால் பேசுவினம்" என்று மகள் கெஞ்சினாள். "அவைக்கு ஒரு கண்தானே" என்று சொல்லிக்கொண்டே கடித்தீர். கொள்ளைக்காரர் கப்பலில் களவாகச் சாப்பிட்ட ஒரே ஆள் நீர்தான்.

அந்தச் சிரிப்பு அடங்க முதல் விளக்கெல்லாம் ஒரேயடியாக அணைந்தது. அடுத்த கணம் பீரங்கி வெடித்தது.

அது அவர்களுடைய வேடிக்கை. சாப்பிட வந்த சனத்துக்குக் காட்டுகிற கடற்சண்டை. மகள் முதலே சொல்லியிருப்பாள், நான் கிளியைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். யோசித்துச் செய்த காரியம் இல்லை. யாழ்ப்பாணத்தில் வேப்பமரத்தடிப் பங்கருக்குள் குண்டுக்கு ஒளிந்து நாங்கள் இருந்த நாட்களை என் முழங்கால் மறக்கவில்லை. எனக்குத் தெரிய முன்பே நான் மேசைக்குக் கீழே கிடந்தேன். நெஞ்சு நிலத்தில், இரண்டு கையும் காதில், வாய் திறந்தபடி. அப்படித்தானே படுக்கச் சொல்லித் தந்தார்கள். தலையைத் திருப்பினேன். எனக்கு முதலே நீர் அங்கே கிடந்தீர்.

"பிள்ளை எங்கை?" என்று கேட்டீர்.

நாற்பதை எட்டிக்கொண்டிருக்கிற, வேலை செய்கிற கந்தோரில் ஒரு கூட்டத்தையே கட்டி மேய்க்கிற பிள்ளையை, காலில் பிடித்துக் கீழே இழுத்தீர். இழுத்து, சேலைத் தலைப்பால் அவளுடைய தலையை மூடினீர். பங்கருக்குள் அவள் கைக்குழந்தையாக இருந்தபோது மூடியது போலவே. அவளுக்கு அந்தக் காலம் ஒன்றும் நினைவில்லை. ஆனாலும் அவள் சிரிக்கவில்லை, ஏன் என்று கேட்கவில்லை. உம்முடைய கைக்குள் அசையாமல் கிடந்தாள். மேலே சனம் கைதட்டியது. என் கை இன்னும் காதை விட்டு இறங்கவில்லை. நீர் அதைப் பிடித்து, "ஒண்டுமில்லை, விளையாட்டுச் சாமான்" என்றீர். சொல்லிவிட்டு நீரும் எழும்பவில்லை.

விளக்கு வந்ததும் ஒரு பொடியன் குனிந்து பார்த்தான். ஏதும் விழுந்துவிட்டதா என்று இங்கிலீஷில் கேட்டான்.

"ஸ்பூன்" என்றீர் நீர்.

முகம் மாறவே இல்லை. மீன்காரன் தவறி மீதிக்காசைக் கூடுதலாகத் தந்தாலும் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுக்கிற மனுசி. பொடியன் ஓடிப்போய்ப் புதுக் கரண்டி ஒன்று கொண்டுவந்து வைத்தான். ஆளுக்கொரு கரண்டி இருந்த மேசையில் ஒன்று கூடுதலாகக் கிடந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தோம். ஒருவரும் தொடவில்லை.

ஊருக்கு வந்து நான் சொன்ன கதை உமக்குத் தெரியும். பீரங்கி வெடித்ததும் கப்பலில் இருந்த சனமெல்லாம் மேசைக்கடியில் புகுந்தது, நான் ஒருவன்தான் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன், கப்டன் நேரே வந்து சலூட் அடித்து இந்தக் கோப்பையைப் பரிசாகத் தந்தான். உண்மையில் கோப்பை தோடம்பழ ஜூஸோடு வந்தது. கப்பலின் நீளத்துக்கு அரைவாசி சொன்னீர், கிளியின் பேச்சுக்குச் சொன்னீர், நான் சாப்பிட்ட இறாலுக்கும் சொன்னீர். நான் நிமிர்ந்து நின்ற அந்த இடம் வரும்போது மட்டும் ஒன்றும் சொல்லமாட்டீர். தேங்காய் துருவுகிற சத்தம் கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு தொடங்கும். எத்தனை பேருக்கு அந்தக் கதையைச் சொன்னாலும் அப்படித்தான்.

களுபோவில ஆஸ்பத்திரியில் உம்முடைய மூக்கிலும் வாயிலும் ஒக்சிசன் மூடி போட்டிருந்த நாளில், பக்கத்தில் நின்ற தாதி மிஸ்ஸிக்கு எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சிங்கப்பூர்ப் பயணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிளேனின் முன் வரிசையில், படுக்கிற சீட்டில் போனோம் என்றேன். நீர் கண்ணைத் திறக்கவில்லை. போர்வைக்கு மேலே இருந்த ஒரு விரல் நிமிர்ந்து, பாதியில் மடிந்தது. மிஸ்ஸிக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. நீர் எனக்குச் சொன்ன கடைசிச் சொல் அது.

முப்பத்தோராம் நாள், உம்முடைய அந்தியேட்டி அன்று வீடு நிறையச் சனம். சாப்பாடு முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். கீழே ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானா, என் முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல், "அந்தக் கப்பல் கதையச் சொல்லுங்க அண்ணன்" என்றார்.

தொடங்கினேன். கப்பல் துறைமுகக் கப்பலை விடப் பெரிது என்றேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கிருலப்பனையில் இருந்து வந்த உம்முடைய தம்பி தலையை ஆட்டினார். இன்னும் கூட்டினேன். கப்பல் வெள்ளவத்தையில் தொடங்கிப் பாமன்கடையில் முடியும் என்றேன். "ஓம், ஓம்" என்றார்கள். செத்தவீட்டுக்காரன் எதைச் சொன்னாலும் ஓம் என்கிற மரியாதை அது. கதை என் கையை விட்டுப் பெருத்துக்கொண்டே போனது. நான் குசினிக் கதவைப் பார்த்தேன். பீரங்கி வெடித்தது என்று சொல்லி நிறுத்தினேன்.

"அப்ப நீங்க என்ன செஞ்சீங்க?" என்றார் நானா.

நெஞ்சை நிமிர்த்தி நின்றேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உம்முடைய மௌனம் இல்லாமல் அந்தப் பொய் நிற்காது போலிருந்தது. குசினி வாசலில் வடைத் தட்டோடு நின்ற மகள்தான் சொன்னாள்:

"அந்த நேரம் பாத்து அம்மான்ரை கரண்டி விழுந்திட்டுது. நாங்கள் மூண்டு பேரும் குனிஞ்சு தேடினனாங்கள்."

முகம் மாறவில்லை. உம்மைப்போலவே. அன்று எல்லோருக்கும் முன்னால் நான் வாய்விட்டு அழுதேன். கரண்டிக்கு எதற்கு அழுகிறேன் என்று அவர்களுக்கு விளங்கியிருக்காது.

மகள் திரும்பிப் போய்விட்டாள். பின்னேரங்களில் போன் எடுப்பாள். நானா மாடிப்படியில் கண்டால் நின்று விசாரிப்பார். எப்படி இருக்கிறீர்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். "ராசா மாதிரி இருக்கிறன்" என்று சொல்கிறேன். அவர்களும் நம்பிக்கொண்டு, சந்தோசம் என்று சொல்லிப் போகிறார்கள். ஒருவரும் கழிப்பதில்லை.

கொள்ளைக்காரன் இன்னும் என் கையில்தான் இருக்கிறான். அரிசியை அளந்து போட்டேன், உம்முடையதையும் சேர்த்து. ராசா மாதிரி இருக்கிறேன் என்று இப்போது நான் சொன்னால், நீர் அரைவாசி என்றும் சொல்லமாட்டீர். எனக்குத் தெரியும். தேங்காய் துருவுகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் நிற்கும்.